ஐந்து மணிவரை நின்ற விலை

முதலாளியின் மேசையில் அந்த மின்னஞ்சலின் அச்சுப்பிரதி கிடந்தது. பொட்டாசு உரம், தொன்னுக்கு இன்ன விலை, கொழும்பு நேரம் மாலை ஐந்து மணிவரை மட்டும். ‘ஐந்து மணி’ என்ற சொற்களின் கீழே நான்தான் சிவப்பு மையால் கோடிட்டிருந்தேன்.

ஒருகொடவத்தைக் களஞ்சியத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு உரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். உலகத்தில் பொட்டாசு தோண்டுகிற நாடுகள் சிலவே; விற்பவர்கள் அதிலும் சிலர். பெரிய கொம்பனி ஒன்று தனியாகவே கப்பல் பிடிக்கும்; சிறிய இறக்குமதியாளர் ஒருவரால் அது முடியாது. ஆகவே எங்களைப் போன்ற மூவர் சேர்ந்து ஒரு கப்பல் எடுப்பது வழக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது. மூவரும் சம்மதித்தால்தான் விலைக்கு ஓம் சொல்வோம்.

அன்று எங்கள் கூட்டாளிகளில் ஒருவர் காலையிலேயே சம்மதித்துவிட்டார். மற்றவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. மதியம் சாப்பாட்டுக் கடையில் அவரிடம் கணக்கெழுதும் லிகிதரைக் கண்டேன்.

"உங்கட ஆள் இன்னும் போனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டா இருக்கிறார்? எங்கட ஆள் நேற்றே பெரிய கொம்பனியோட சேர்ந்திட்டார்."

அந்த லிகிதர் எதையும் சிரித்துப் பகிடியாகவே சொல்கிறவர். உறுதியில்லாத செய்தியை நான் காரியாலயத்துக்குக் கொண்டுபோவதில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பாமன்கடையிலிருந்த உர வியாபாரி ஒருவர் எங்களோடு சேர நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலரை மணிக்கு, அவரை அழைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வருசக்கணக்கா ஒண்டாக் கப்பல் எடுக்கிறம், பிள்ளை. அவனை விட்டிட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டா, நாளைக்கு அவன்ட முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

மதியம் கேட்டதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. ஐந்து மணி கடந்தது.

மறுநாள் வந்த விலை எங்களுக்கு எட்டவில்லை. பெரிய கொம்பனி பழைய விலையில் வாங்கிய சரக்கோடு தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. அந்த வருடம் முடியுமுன் எங்கள் களஞ்சியமும் மற்றச் சிறிய இறக்குமதியாளர்களின் களஞ்சியங்களும் அவர்கள் கைக்குப் போயின. கடைசி நாளில்தான் முதலாளியிடம் லிகிதர் சொன்னதைச் சொன்னேன்.

"சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டன்," என்றார்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரா என்று கேட்க முடியாது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்கு இறுதிப் பூசை நடந்து மூன்று வருடமாகிறது.

இப்போது நான் அந்தப் பெரிய கொம்பனியில்தான் வேலை செய்கிறேன். விலை சொல்வதும் நான்தான். சென்ற வாரம் மலையகத்துச் சிறுதோட்டக்காரர் ஒருவர் அழைத்தார். விலையைச் சொன்னேன்.

"வேற இடத்துல கேட்டுப் பார்க்கவா, மிஸ்?"

"கேளுங்க," என்றேன்.

வேறு இடம் எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.