வெட்டைக்கு ஓடாதே

அந்த வாரம் முழுக்க நான் மேலே பார்த்தபடிதான் வேலை செய்தேன். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில் நான் வேலைக்குப் போன வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரு கண்ணாடிச் சரவிளக்கு தொங்கியது. அது ஆடுகிறதா, என் தலைதான் சுற்றுகிறதா என்று பார்ப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் நிலம் நடுங்கியது. எல்லாம் சின்ன நடுக்கம். அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகுதான் பயம் பிடிக்கும்.

டிவியில் ஒரு பேராசிரியர் வந்து படம் கீறிக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை என்று கண்ட சிஞ்ஞோரா, நான் கழுவி வைத்த இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றின் விளிம்பை மற்றதன் கீழே மெல்லத் தள்ளிக் காட்டினார். கடலுக்கு அடியில் ஒரு பக்கத்து நிலம் மற்றப் பக்கத்து நிலத்துக்குக் கீழே இப்படித்தான் நுழைந்துகொண்டிருக்கிறதாம். சிக்கும்போது இறுகுமாம், விடும்போது நடுங்குமாம். இப்படிக் கூட்டமாக வரும் நடுக்கங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தேனீக் கூட்டத்துக்கும் உள்ள பெயர்தான்.

"பெரிசு வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். வராமலும் போகலாம். அது பேராசிரியருக்கும் தெரியாது."

அவ்வளவு படித்த ஆளுக்கே தெரியாதாம். எனக்குச் சினம்தான் வந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சாவு நெருங்கி வரும்போது என்ன செய்வதென்று யாழ்ப்பாணத்துக்காரிக்கு இவர்களா சொல்லித் தருவது?

நாங்கள் அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒரு அறையில் இருந்தோம். கணவருக்கு ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை; வர இரவாகும். மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கீழ்வீட்டுச் சிசிலிக்காரி தன் பிள்ளைகளோடு அவளையும் கூட்டிவந்து விடுவாள். நான் மூன்று மணிக்கு வரும்வரை மகள் வீட்டில் தனியே இருப்பாள். கட்டடத்தின் அடியில் கல் வளைவு போட்ட ஒரு களஞ்சியம் இருந்தது. சந்தை வியாபாரி ஒருவர் பழப்பெட்டிகளை அதில் அடுக்கி வைப்பார், பகலில் பூட்டுவதில்லை. குடிவந்த அன்றே அதைப் பார்த்து, நல்ல பங்கர் என்று மனதில் குறித்துக்கொண்டவள் நான்.

நடுக்கத்துக்கு முன்னால் ஒரு உறுமல் வரும். அந்த உறுமலை என் உடம்பு முன்பே கேட்டிருக்கிறது. ஊரில் பொம்மர் குண்டு போடத் தாழப் பறந்து வரும்போது கேட்கிற சத்தம்.

செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்தபோது, தெரு முனையில் இருந்த தேவாலய முற்றத்தில் நடுக்கத்துக்குப் பயந்து அயல் சனமே கூடி நின்றது. நடுவில் என் மகள், திறந்த வெட்டையில், வானத்துக்குக் கீழே, சிரித்துக்கொண்டு. எனக்குக் கண் இருண்டது. போன கையோடு எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன்.

"ஆர் உன்னை வெட்டைக்கு ஓடச் சொன்னது?"

"பள்ளிக்கூடத்து மாயெஸ்த்ராதான், அம்மா. வீட்டுக்குள்ளை நிக்கக் கூடாதாம்."

"உன்ரை மாயெஸ்த்ராவுக்கு என்ன தெரியும்? வெட்டையிலை நிண்டவைதான் அங்கை செத்தவை. பங்கருக்குள்ளை கிடந்ததாலைதான் நீ இண்டைக்கு உயிரோடை நிக்கிறாய்."

அவளுக்கு அது நினைவில்லை. பங்கருக்குள் என் வயிற்றின் கீழே கிடந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அதனால் அன்றே களஞ்சியத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். பெட்டிகளுக்குப் பின்னால் குப்புறப் படு. முழங்கையை ஊன்று. காதைப் பொத்து. அதிர்ச்சியில் பல் நாக்கைக் கடிக்காமலிருக்க இந்தத் துணியைக் கடி. நான் வந்து எடுக்கும்வரை துணியை எடுக்காதே, அசையாதே. கன்னத்தில் என் விரல் பதிந்திருக்க, அவள் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். மூன்று தரம் செய்வித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் உடுப்பு மினுக்கிக்கொண்டு, இந்தக் கெட்டித்தனத்தைப் பெருமையாகச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். அவர் கோப்பி குடிப்பதை நிறுத்திவிட்டார்.

"கீழேயா? அவ்வளவு பழைய கட்டடத்துக்குக் கீழேயா? பெண்ணே, குண்டு மேலேயிருந்து வரும். இது கீழேயிருந்து வருகிறது. வீடுதான் ஆளைக் கொல்லும்!"

சூடான மினுக்கும் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். இவ்வளவு நாளும் இது ஏன் என் மண்டைக்குள் ஏறவில்லை? சுவரிலிருந்த மணிக்கூடு இரண்டரை காட்டியது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம்தானே.

அப்போதுதான் அந்த உறுமல் வந்தது. சரவிளக்கு ஆடவில்லை, கூரையில் அடித்தது. அலுமாரிக் கதவு திறந்து கோப்பைகள் கொட்டின. சிஞ்ஞோராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அவரை விட்டுவிட்டு ஓடலாமா என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. தெருவுக்கு வந்ததும் அவரே என் கையை உதறினார்.

"போ! பிள்ளையிடம் போ!"

பத்து நிமிடத் தூரம். ஓடினேன். சனம் எல்லாம் வெளியே நின்றது. நான் மட்டும் ஒடுக்கமான சந்துகளுக்குள் நுழைந்து ஓடினேன். வாயில் கடவுள் பெயர்கூட வரவில்லை. தேவாலய முற்றத்தில் சிசிலிக்காரியும் அவள் பிள்ளைகளும் நின்றார்கள். மகள் இல்லை.

"வாசல்வரைக்கும் கையைப் பிடித்துக் கொண்டுவந்தேன்," என்று அவள் அழுதாள். "உதறிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள். மாடிப்படி எல்லாம் தேடினேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.

களஞ்சியக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே ஒரே புழுதி. தோடம்பழப் பெட்டிகள் சரிந்து மலையாகக் கிடந்தன. வளைவிலிருந்து ஒரு கல் பெயர்ந்து நடுவில் விழுந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமில்லை. இன்னொரு தரம், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. என் பிள்ளையை நானே கொண்டுபோய் வைத்துக் கொன்றுவிட்டேன் என்று அந்த இடத்தில் முடிவாக நினைத்தேன். காலடியில் நிலம் இன்னொரு தரம் நடுங்கியது. பெட்டிகளை இழுத்து எறிந்தேன். நகம் பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால் அவள் குப்புறக் கிடந்தாள். முழங்கை ஊன்றியிருந்தது. காதைப் பொத்தியிருந்தாள். முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. பல்லுக்கிடையில் துணி. கண் மட்டும் திறந்து என்னையே பார்த்தது.

துணியைப் பிடுங்கினேன். "கத்திக் கத்திக் கூப்பிட்டனே! ஏனடி சத்தம் போடேல்லை?"

"நீங்கள் வந்து எடுக்குமட்டும் எடுக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள்."

அவளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினேன். வெளிச்சம் கண்டதும் அவள் உடம்பு விறைத்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வெட்டை."

"பரவாயில்லைக் குஞ்சு. வெளியிலைதான் போகோணும்."

அவள் அதை நம்பவில்லை. முற்றத்தில், அத்தனை பேருக்கும் நடுவில் இறக்கிவிட்டேன். நான் கையை நீட்டியது அவள் முகத்துப் புழுதியைத் துடைக்கத்தான். அவள் சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வெட்டைக்கு வரேல்லை அம்மா," என்றாள். "நீங்கள்தான் கொண்டுவந்தனீங்கள்."