பொக்லைனுக்குக் கற்பூரம் காட்டப் போன வெள்ளிக்கிழமை

படூர் அடுக்ககத்தில் அடைந்து கிடந்து அலுத்துப்போய், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். செங்கல்பட்டிலிருந்து காலை 7.10 பேருந்து, திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். மலையேறி சாமி பார்த்து இறங்கியபோது மணி பத்து.

அங்கிருந்து மாமல்லபுரம் பேருந்து நாலு கிலோமீட்டர் போவதற்குள் நின்றுவிட்டது. கால்வாய் வேலை. வெள்ளிக்கிழமை ஆயிற்றே, பள்ளம் தோண்டும் பொக்லைனுக்குப் பூசை. என்ஜின் உறும, உரிமையாளர் கற்பூரத் தட்டோடு தீப்பெட்டி தேடினார். நான்தான் முந்திரிக்கொட்டையாக இறங்கிப்போய் என்னுடையதை நீட்டினேன்.

"அண்ணாத்த, கொளுத்தாத!" என்று மேலிருந்து ஒரு கத்தல். வண்டியை ஓட்டும் ஸ்டெல்லா. முப்பது வயதிருக்கும். மண் அள்ளும் வாளியைத் தரையில் இறக்கி என்ஜினை நிறுத்தினார். லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி, குழாய்களில் இருந்த அழுத்தத்தை விடுவித்தார். பிறகு எண்ணெய் ஓடும் ஒரு ஹைட்ராலிக் குழாயைக் காட்டினார். கசிவை அடைக்க அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது, உரிமையாளரின் கைவைத்தியம்.

"ரெண்டு சொட்டு ஆயிலு. பெட்ரோலாட்டம் பத்திக்குமா இன்னா? வேலை நின்னா பேஜாரு. உனுக்கு முடியாதுன்னா சொல்லு, வேற ஆளு கீறான்" என்றார் உரிமையாளர்.

அந்தக் கெட்டி எண்ணெய் லேசில் பற்றாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"சொட்டுனா பத்தாது ண்ணா. குழா கிழிஞ்சா பொகையாட்டம் பீச்சும். பக்கத்துலயே சைலன்சர் கொதிச்சுகினு கீது. அதும்மேல பட்டா போதும், கற்பூரமே வேணாம். உள்ள குந்திகினு இருக்கறவன் வேற ஆளா இருந்தாலும் வேவத்தான் செய்வான்."

சொல்லிவிட்டு டியூபை அறுத்து எடுத்தார். உள்ளே ரப்பர் உரிந்து, கம்பி துருப்பிடித்து, குழாய் புடைத்திருந்தது. உரிமையாளர் புதுக் குழாய்க்குப் போன் போட்டார். கற்பூரத் தட்டைத் தானே இருபது அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார். "சாமிக்கு இங்கேருந்தும் தெரியும்" என்றார்.

நாவலூர் அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சி என்றால் டீ குடிக்க நழுவுகிற ஆள் நான். வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்மீது அவ்வளவு மரியாதையும் வந்தது.

அரை மணியில் வழி விட்டார்கள். 11.40க்குக் கடற்கரை. அலையும் கல்லும் அழகுதான், குறையே இல்லை. நீங்கள் போவதென்றால் ஏழு மணிக்குள் செங்கல்பட்டில் இருங்கள், மலை சுடாது. வழியில் இப்படி இயந்திரம் வேலை செய்தால் தள்ளி நில்லுங்கள், சிகரெட் வேண்டாம். எண்ணெய் பீச்சினால் கையால் பொத்தாதீர்கள், தோலைத் துளைத்துவிடும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் விலகி ஓடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பேருந்து ஏறுமுன் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்: "நிஜமாவே உங்கள வேலையவிட்டு அனுப்பியிருந்தா?"

"போயிருப்பேன். வர்றவன் வர்ற வரிக்கும் நின்னு, இந்தக் குழாய அவன் கண்ணால பாத்தப்புறம் போயிருப்பேன்."