ஒன்றரை டிகிரி

ஆய்வகத்தில் அவளுக்குக் ‘கடல்காரி’ என்று பட்டப்பெயர். கடலில் கால் நனைத்து வருஷக்கணக்காகியிருந்தது என்பது வேறு விஷயம். கணினிக்குள் ஒரு கடலை வைத்துக்கொண்டு, வரப்போகும் வருஷங்களில் அது எப்போது சூடாகும், எப்போது ஆறும் என்று ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை.

அந்தக் கடலுக்கு ஒரு குறை உண்டு. அவள் தம்பி கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் விரிகுடாப் பக்கம், நிஜக் கடலைவிட அது எப்போதும் ஒன்றரை டிகிரி குளிர்ச்சி. எல்லோரும் செய்வதுபோல அவளும் வந்த விடையில் ஒன்றரையைக் கூட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். நாலு பேர் சேர்ந்து செய்தால் தப்புக்குத் தப்பு என்றா பெயர்? முறை என்று பெயர்.

தண்ணீர் சூடேறிச் சிப்பி சாக ஆரம்பித்த வருஷம், தொழிலை விட்டுவிடட்டுமா என்று தம்பி கேட்டான்.

“நாலே வருஷம்டா. அப்புறம் ஆறிடும், பொறுத்துக்கோ” என்றாள்.

நாலு ஆயிற்று, ஆறு ஆயிற்று. தண்ணீர் மட்டும் ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் கயிற்றில் புதுச் சிப்பிக் குஞ்சு கட்டினான். கோடை முடிவதற்குள் வாய் பிளந்து செத்ததை அள்ளிக் கொட்டினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று மனைவி கேட்டதற்கு, அக்கா கணக்கு பொய்க்காது என்று சண்டை பிடித்தான். ஒன்பதாம் வருஷம் படகும் கைவிட்டுப் போயிற்று. மீன் கிடங்கில் பெட்டி தூக்கப் போனான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கணினிக் கடலில் வெந்நீரோட்டம் இடம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரையைக் கூட்டினால் சராசரி சரியாகும். எத்தனை வருஷம் சூடு, எத்தனை வருஷம் குளிர் என்கிற நீண்ட ஏற்ற இறக்கம் சரியாகாது. அது வேறெங்கோ இருக்கும் கடலின் கணக்கு. நீரோட்டம் உரிய இடத்தில் ஓடும்படி திருத்தி மறுபடி ஓடவிட்டாள். தண்ணீர் ஆற அவள் சொன்ன நாலு வருஷம், இருபதாக வந்தது.

கிடங்குக்கே போனாள். சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஒன்று விடாமல் சொன்னாள்.

“தெரியும்க்கா” என்றான். “அஞ்சாம் வருஷமே தெரியும். தினம் கை வைக்கிற தண்ணிதானே.”

“அப்புறம் ஏண்டா குஞ்சு கட்டினே?”

“நான் நிறுத்திட்டா, நீ சொன்னது தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.”

மணி அடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். அவள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள்.