பௌர்ணமியன்று வைத்த ஆட்டம்

1. தினசரி காலண்டரைப் பார்க்காமல், போனைப் பார்த்து வேலூர் அணியுடன் கால்பந்தாட்டத்துக்கு நாள் குறித்தேன். அன்று பௌர்ணமி.
2. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த நான் மீதி வழியை நடந்தேன்.
3. இடைவேளையில்தான் மைதானத்தை அடைந்தேன். எங்கள் பள்ளிப் பெண்கள் 1-0 என்று முன்னிலையில் இருந்தார்கள்.
4. ஆட்டத்தை மாற்றினேன்.
5. 1-2 என்று தோற்றோம்.

முதலாவதைச் சொல்லித்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். "இந்த ஊர்ல இருந்துனு பௌர்ணமி தெரியாத இன்ஜினீயரு!" என் தவறு நான்காவது.

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு நான் இந்தப் பள்ளிக்குப் பயிற்சியாளராக வருவதற்கு முன் இதே வேலூர் அணி எங்களுக்கு ஏழு கோல் போட்டிருந்தது. பலமான அணி என்றால் ஐந்து பேர் கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று பழக்கினேன். அடுத்த முறை ஒரே கோலில் தோற்றோம். பள்ளியில் கைதட்டினார்கள். அதை வெற்றி என்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று நான் இல்லாத முதல் பாதியில் அவர்கள் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறார்கள். கோல் போட்டவள் எங்களில் வேகமானவள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் ஆடலாம், இல்லையென்றால் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொள் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவளைப் பார்க்கத்தான் விடுதித் தேர்வாளர் வருவதாக இருந்தது.

"அக்கா வந்துட்டாங்கடி, எல்லாம் போய் கோலுக்குக் காவல் நில்லுங்க" என்றாள் கோல் கீப்பர்.

"நல்லாத்தானே ஆடினு இருக்கோம், அக்கா?" என்று கேட்டாள் வேகமானவள்.

"ஒரு கோலைக் காப்பாத்தினா போதும். நீ பின்னாடி போ" என்றேன். போனாள். நாற்பது நிமிடமும் எங்கள் கோலுக்கு முன்னாலேயே நின்றாள்.

தேர்வாளரும் அதே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டாம் பாதிக்குத்தான் வந்து சேர்ந்தார். ஆட்டம் முடிந்ததும் சொன்னார்: "பந்தை நல்லா தடுக்குது. ஆனா டிஃபென்ஸுக்கு ஆள் ஜாஸ்தி இருக்காங்கம்மா. ஓடற பொண்ணுதான் வேணும்."

"அவ ஓடுவா சார்."

"நான் பாத்தப்ப ஓடலையேம்மா."

அவள் பக்கத்தில்தான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பெரிய அணிகளுடன் இப்போது முன்னேறித்தான் ஆடுகிறோம். சில நாள் நான்கு கோல் வாங்குகிறோம், ஒருமுறை ஜெயித்தோம். அவள் செங்கம் சாலையில் ஒரு கஃபேயில் வேலை செய்கிறாள். ஆடுவதில்லை.