சாமிக்கு யார் கையெழுத்துப் போடுவது

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. மலாயாவில், தைப்பிங் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஒருநாள் ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, தோட்டத்துத் துரை தன் குமாஸ்தாவான கிராணியை விட்டுச் சொல்லச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடு காலியாக வேண்டும். போகிறவர்களுக்குப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கெட் இனாம். அந்தப் பாதியில் எங்கள் வீடும் ஒன்று. அப்பா, அம்மா, பன்னிரண்டு வயசுத் தங்கை.

நான் அதற்கு இரண்டு மாதம் முன்பே வேலை தேடி ஈப்போவுக்கு வந்துவிட்டேன். தபாலில் கணக்குப் பாடம் படித்து, லண்டன் முத்திரை குத்திய ஒரு சர்டிபிகேட் வைத்திருந்தேன். அந்தப் பாடத்துக்கு அம்மா இரண்டு ஆடுகளை விற்றிருந்தாள். அறிவிப்பு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனபோது அம்மா சண்டைக்காரி மாதிரி நின்றாள். “நாகப்பட்டணத்துல எறங்கி எங்கடா போறது? அங்க நம்மள யாருக்குத் தெரியும்? ஒன்னாந் தேதிக்குள்ள நீ ஒரு சம்பளத்தைக் காட்டு. ஈப்போவுல ஒரு ரூமைப் புடிச்சி எல்லாரும் அங்கயே இருந்துக்கலாம்” என்றாள். அப்பா விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தார். முப்பது நாள் இருந்தது.

வேலை கேட்டு நான் ஏறாத படி இல்லை. ஈயக் கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் என்னை உட்கார வைத்து ஒரு பக்கக் கூட்டலைக் கொடுத்தார். நான் பென்சிலை எடுப்பதற்குள் அவருடைய கிழட்டுக் கணக்கர் மணிச்சட்டத்தில் விரலை ஓட்டி விடையைச் சொல்லிவிட்டார். சும்மா எழுந்து வந்திருக்கலாம். நான் அந்தக் கிழவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, மேல் மணி ஐந்தா, கீழ் மணி ஒன்றா, கழித்தல் எப்படி என்று நோண்ட ஆரம்பித்தேன். தவுக்கேவுக்குச் சிரிப்பு. “நீ வேலைக்கு வந்தியா, ஸ்கூலுக்கு வந்தியா லா?” என்று மலாயில் கேட்டு, ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மளிகை மொத்தக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் இன்னும் மோசம். சர்டிபிகேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “தம்பி, நம்ம கடைக் கணக்கு பூரா இங்க இருக்கு” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். நான் நம்பவில்லை. போன ரமலானுக்கு வெங்காயம் எத்தனை மூட்டை வந்தது என்று கேட்டேன். சொன்னார். எந்தக் கப்பலில் என்று கேட்டேன். அதையும் சொன்னார். எரிச்சலாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. அப்படிப்பட்ட தலைக்குச் சொந்தக்காரருக்கு நான் எதற்கு?

பத்து நாள் போனபிறகு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கதவு திறந்தது. அந்த ஆடிட்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பெரிய கிராணியாக இருந்தார். வட்டிக்கடை நடத்திய செட்டியார் நிறுவனம் ஒன்று பாங்கில் பெரிய தொகை கேட்டிருந்தது. பாங்கு, ஆடிட்டர் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு காசு தரமாட்டேன் என்றுவிட்டது. புத்தகமெல்லாம் தமிழில். துரைக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணிக்குச் செட்டியார் எழுத்தும் பின்னக் குறிகளும் ஓடவில்லை. என்னை எடுத்தது அதற்குத்தான். “மாதக் கடைசி வரை சம்பளம் கிடையாது. வேலை சுத்தமாக இருந்தால் முதல் தேதியிலிருந்து முப்பது வெள்ளி” என்றார் துரை. வெள்ளி என்றால் மலாயா டாலர். முப்பது வெள்ளி. மாரியம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

செட்டியார்கள் கடை வைத்திருந்த நீளக் கட்டடமான கிட்டங்கியில் அந்த நிறுவனத்தின் மேலாளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து பேரேட்டைத் திறந்தேன். மேலாள் என்றால் ஊரில் இருக்கும் முதலாளிக்காக இங்கே கடையை நடத்துகிறவர். முதல் நாளே தலை சுற்றியது. லண்டன் பாடத்தில் பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம். இங்கே வரவு இடது, பற்று வலது. “ஏன்ணே இப்படி மாத்தி எழுதுறீங்க?” என்று கேட்டேன். “மாத்தி எழுதுறது யாரு? வெள்ளக்காரனைப் போய்க் கேளு” என்றார் அவர், கண்ணை ஏட்டிலிருந்து எடுக்காமலே. இரண்டு நாள் நான் கண்ணாடிக்குள் பார்த்து எழுதுகிறவன் மாதிரி எழுதினேன். அப்புறம் பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும் போய்விட்டது. கணக்கு ஒன்றேதான், உட்காருகிற பக்கம்தான் வேறு என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு குஷி.

நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலை எடுத்தேன். இருபத்து மூன்று பேர். அதில் எல்லாரையும்விடப் பெரிய தொகை, நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி, முருகன் பெயரில் இருந்தது. ஆள் பெயர் இல்லை. கோயிலில் வேலோடு நிற்கிற முருகனேதான். செட்டியார்கள் வருகிற வட்டியில் ஒரு பங்கைச் சாமிக்கு மகமை என்று எடுத்து வைப்பார்கள், அதைச் சாமி பெயரில் வரவு வைத்து, அந்தப் பணத்தையும் வட்டிக்கு விட்டு, அந்த வட்டியையும் சாமிக்கே எழுதுவார்கள். தோட்டத்தில் உண்டியலை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசு. சாமிக்கு வட்டி விகிதம் எவ்வளவு, கூட்டு வட்டியா, கணக்கு முடிக்கிற நாள் எது என்று மேலாளைத் துளைத்து எடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே விகிதம், அரைக்கால் குறையாமல்.

தொல்லை ஆபீஸில் வந்தது. நூறு வெள்ளிக்கு மேல் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும், ‘இன்ன தொகை எனக்கு வரவேண்டியது உண்மை’ என்று அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். அது ஆடிட்டர் சட்டம். இருபத்து மூன்று கடிதம் அடித்தாயிற்று. இருபத்து இரண்டு திரும்பி வந்துவிட்டது. இருபத்து மூன்றாவது என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. மாதம் முடிய ஐந்து நாள்.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு வாங்கினால், வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல், ரசீதில் ‘மாரியம்மனுக்காக’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போடுவார். அது யாருக்கும் தப்பாகப் பட்டதில்லை. எனக்கும் அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. பேனாவை எடுத்தேன். ‘முருகனுக்காக’ என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு மற்ற கடிதங்களோடு செருகிவிட்டேன். வேலை முடிந்த நிம்மதியில் கடைகளின் முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் நின்று ஒரு காப்பி கூடக் குடித்தேன்.

மறுநாள் துரை கூப்பிட்டார். கடிதம் அவர் முன்னால் இருந்தது.

“இது உன் எழுத்து.”

“ஆமாம் சார்.”

“யார் இந்த ஆள்?”

“ஆள் இல்லை சார். கடவுள்.”

அவர் சுருட்டைத் தட்டில் வைத்தார். “அவர் உனக்கு அதிகாரம் கொடுத்தாரா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். தண்டலுக்குத் தோட்டத்து ஜனம் சேர்ந்து பொறுப்புக் கொடுத்திருந்தது. எனக்கு யார் கொடுத்தார்கள்?

“இந்த ஆபீஸில் மந்தமானவன் இருக்கலாம். அடுத்தவனுக்காகக் கையெழுத்துப் போடுகிறவன் இருக்க முடியாது. மூன்று நாள் தருகிறேன். இந்தத் தொகைக்கு உரிமையோடு சாட்சி சொல்லக்கூடிய ஒருவரைக் கொண்டு வா. இல்லாவிட்டால் நீ வர வேண்டாம்” என்றார். என் முட்டாள்தனத்தால் அம்மாவும் தங்கச்சியும் கப்பலேறப் போகிறார்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

மேலாளிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவர் முகம் கறுத்தது. “சாமிக்குக் கையெழுத்துப் போட நீ யாரு? நாங்களே போட்டதில்லை.” அப்படியானால் நீங்களாவது போடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். “நான் கடன்பட்டவன். கடன்பட்டவனே கடன் கொடுத்தவனுக்காகவும் கையெழுத்துப் போட்டா அது என்ன கணக்கு? உன் லண்டன் பாடத்துல அப்படியா சொல்லிக் கொடுத்தான்?” என்றார். நியாயம்தான். அவ்வளவு பயத்திலும் அந்த நியாயம் எனக்கு ருசியாக இருந்தது. கோயில் பண்டாரத்திடம் போனேன். “நான் பூசை பண்றவன். எனக்குப் பூக்கணக்குகூடத் தெரியாது” என்று கையை விரித்துவிட்டார்.

ஈப்போ முழுவதிலும் முருகனுக்குக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை. சரி, கையெழுத்து இல்லாவிட்டால் வேறு என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று பழைய பேரேடுகளைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பகல் கிட்டங்கியை விட்டு நகரவில்லை. பார்க்கப் பார்க்க ஆர்வம் ஏறியது. ஒவ்வொரு வருஷமும் கணக்கு முடிக்கும்போது முதல் பற்று சாமியுடையது. எண்ணெய், கற்பூரம், வெள்ளி வேல், அரிசி. இடையில் வியாபாரம் படுத்த ஒரு வருஷம் வந்திருக்கிறது, மனுஷர்கள் அத்தனை பேருக்கும் வட்டியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், சாமிக்கு மட்டும் தள்ளவில்லை. இந்த வருஷப் பக்கத்துக்கு வந்தேன். கார்த்திகை நட்சத்திர அன்னதானம், அரிசி நாலு மூட்டை. அடுத்த மாதக் கார்த்திகை, அரிசி நாலு மூட்டை.

விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஒரு விஷயத்தை இதுவரை நான் மறைத்துவிட்டேன், எழுத வெட்கமாக இருந்தது. வேலை தேடிய நாட்களில் நான் தினம் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். மாதத்தில் ஒருநாள், கார்த்திகையன்று, செட்டியார் கோயில் பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் சாம்பாருக்கு மேல் மோர் வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் காலை துரையிடம் போய் நின்றேன். கையெழுத்துப் போட உரிமையுள்ளவர் யாரும் இல்லை என்றேன். சாமி கணக்கில் தவறாமல் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பதினான்கு வருஷப் புத்தகத்திலிருந்து எடுத்த பட்டியலை நீட்டினேன்.

“புத்தகத்தில் எதையும் எழுதலாம். கொடுத்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த அரிசியை நான் சாப்பிட்டேன் சார். வேலை இல்லாதபோது. இரண்டு தேதியும் சொல்கிறேன். இதற்குக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் உண்டு.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். துரை என்னைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்தார். கடைசி வருஷம் வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, “எழுது. தேதியோடு எழுது” என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார். “முதல் தேதி எட்டு மணிக்கு வந்துவிடு. முப்பது வெள்ளி. சம்பளம் மாதக் கடைசியில்” என்றார். நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு நனைந்துகொண்டே ஓடினேன். வீட்டில் மூட்டை கட்டியாயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அம்மா தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும், “சம்பளம் எப்ப கைக்கு வரும்?” என்று கேட்டார்.

“மாசக் கடைசியில.”

“வர்ற மாசக் கடைசியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப் படித்தவன் நான். புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டு உலர்த்துகிறவர் அவர். அவர்தான் அதைக் கேட்டார். அண்டா, குண்டான், கோழி எல்லாம் விற்று வீட்டில் பதினெட்டு வெள்ளி இருந்தது. ரூமுக்கு முன்பணம் ஆறு. மிச்சம் பன்னிரண்டில் நாலு பேர் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அப்பா விரலை மடக்கி இரண்டு தடவை பார்த்தார். “மூணு பேருன்னா ஓடிரும். டிக்கெட் சும்மாதானே. நான் போய் இருந்துட்டு வாரேன், வெலை ஏறினதும் வந்துடலாம்” என்றார். ஏதோ பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிற மாதிரி சொன்னார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

விலை ஏற மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பா அங்கேயே காலராவில் போய்விட்டார். யாரோ எழுதிய தபால் அட்டையில் சேதி வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

பெரிய கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள். பழைய கதையெல்லாம் வந்தது. பேச்சோடு பேச்சாக, முதல் மாதம் ஓட்டக் காசு போதாமல் அப்பா கப்பலேறிப் போன விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஏன் தம்பி, சம்பளத்திலை முன்பணம் கேட்டிருக்கலாமே? துரை ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொன்னதில்லை. நான் சேர்ந்த அண்டைக்கே இருபது வெள்ளி வாங்கினனான்” என்றார்.

அதற்குமேல் எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. அம்மா அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் என்னோடு இருந்தாள். இதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.