இடியப்பத்தட்டுக் கவசம்

ஹலோவீன் நாளில் வேஷம் போடாமல் வேலைக்குப் போகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், அட்டைப்பெட்டி செய்கிற ஒரு பக்டறியில் வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். மூன்று மணிக்கு முடித்துவிட்டு ஐந்து மணிக்கு ஒபிஸ் கூட்டித் துடைக்கிற வேலைக்கு ஓடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே நித்திரை. அப்படி ஒரு நித்திரைக் கண்ணோடுதான் அந்த நோட்டீஸை வாசித்தேன். வேலைக்கு வந்த நேரத்தைப் பதிய காட் அடிக்கிற மெஷினுக்கு மேலே, செம்மஞ்சள் தாளில், ஒரு பூசணிக்காய் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை. எல்லா ஊழியர்களும். வேஷம். என் இங்கிலீஷுக்கு எட்டியது அவ்வளவுதான்.

அந்த மாதம் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு கதை வேறு அடிபட்டது. வேஷம் போடாதவனைத்தான் முதலில் குறைப்பார்கள் என்று நானே முடிவுகட்டினேன். குடும்பத்தை ஸ்பொன்சர் செய்தவனுக்கு வேலை போனால், வருகிறவர்களை எயார்போட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் அடுத்த நம்பிக்கை. என் நம்பிக்கைகள் எப்போதும் சோடியாகத்தான் வரும்.

ஏனென்றால் அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு என் மனைவியும் மகளும் கொழும்பிலிருந்து லண்டன் வழியாக வந்து இறங்க இருந்தார்கள்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மகள் தவழத் தொடங்கி ஒரு கிழமை. இப்போது ஐந்து வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா ஒரு படம். ஸ்டூடியோவில் எடுத்தது, சாம்பல் நிறக் கோட்டும் தடித்த மீசையுமாக, பாங்க் மனேஜர் மாதிரி நான் நிற்கிறேன். கோட் என்னுடையது அல்ல. என்னோடு அபார்ட்மென்ரில் கூட இருந்த அண்ணையுடையது. மீசை மட்டும் சொந்தம்.

வெளிக்கிட முதல் கொழும்பு லொட்ஜிலிருந்து போனில் கேட்டாள்: "அப்பா, நீங்கள் எயார்போட்டில அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிப்பீங்களோ? இல்லாட்டி எனக்கு உங்களைத் தெரியாது."

"ஓம் குஞ்சு, போட்டுக்கொண்டு நிப்பன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆக, வெள்ளிக்கிழமைக்கு எனக்கு இரண்டு வேஷம். பக்டறிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. கோட்டை அண்ணையிடம் கேட்டு வாங்கி, கழுவக் கொடுத்து, அலுமாரியில் மாட்டியாயிற்று. மற்றதுதான் சிக்கல்.

"பேய் வேஷம் லேசு, அண்ணை. ஒரு வெள்ளை பெட்ஷீற் காணும்," என்றேன்.

"ஐசே, பெண்சாதி பிள்ளை வந்து இறங்கிற நாளில பேயோ? விசரே உமக்கு?"

எலும்புக்கூடு, சூனியக்காரி, பிணம் எல்லாவற்றையும் அவர் அதே காரணத்தைச் சொல்லித் தள்ளிவிட்டார். அபசகுனம் இல்லாதவன் என்று கடைசியில் மிஞ்சியவன், இன்னும் பிறக்காத ஒருவன்: இருநூறு வருஷம் கழித்து ஏதோ ஒரு கிரகத்தில் கவசம் போட்டுச் சண்டை பிடிக்கப்போகிறவன். அப்படிப்பட்டவர்களை அண்ணை ரிவியில் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை, ரிவி போடுகிற நேரத்தில் நான் யாரோ ஒருவருடைய ஒபிஸில் குப்பைவாளி கவிழ்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று நாள், வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் கவசம் செய்தோம். கட்டடத்தின் கீழே லோன்ட்றியில் பழைய மெஷின்களைக் கழற்றி எறிந்திருந்தார்கள். உடுப்புக் காய்ந்த சூட்டை வெளியே கொண்டுபோகிற அலுமினியக் குழாய், நாலு துண்டு கிடைத்தது. மடிந்து நீளும், மண்புழு மாதிரி. இரண்டு கைக்கு, இரண்டு காலுக்கு. பெயின்ற் வாளி ஒன்றைப் பாதியாய் வெட்டித் தோள்களுக்கு. இன்னொரு வாளியில் கண்ணுக்குத் துவாரம் போட்டுத் தலைக்கு. நெஞ்சுக்கும் முதுகுக்கும் பக்டறி அட்டை. ஆனால் நெஞ்சு வெறுமையாய் இருந்தது. பொத்தான், மீற்றர், ஏதாவது வேண்டும். குசினியில் இடியப்பத்தட்டுகள் அடுக்கியிருந்தன. வட்டமாய், துவாரம் துவாரமாய். ஆறை எடுத்து ஒட்டினேன். அச்சொட்டாக விண்வெளி மெஷின்.

அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். "எடும், எடும். நாளைக்குப் பிள்ளை வந்து இடியப்பம் கேட்டா உம்முடைய நெஞ்சிலையே பிழிஞ்சு அவிச்சுக் குடும்."

பல்கனியில் வைத்து எல்லாவற்றுக்கும் வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்தோம். குளிருக்குப் பெயின்ற் காயவே இல்லை. விடியற்காலையிலும் தொட்டால் கையில் ஒட்டியது. குழாய்க்குள் காற்சட்டை போட்ட கால் இறங்கவில்லை. அதனால் உள்ளே ஒரு பெனியனும், குளிருக்குப் போடுகிற இறுக்கமான உள்காற்சட்டையும் மட்டும்தான். இந்தக் கோலத்தில் ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். ட்ரைவர் அடுத்த பஸ்ஸுக்கான ட்ரான்ஸ்பர் துண்டைக் கிழித்துத் தந்தார். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த ஊரில் எதுவுமே ஒருவரையும் திடுக்கிட வைக்காது.

பக்டறிக்குள் போய்ப் பார்த்தால், நூற்றைம்பது பேரில் வேஷம் போட்டவர்கள் மூன்று பேர். ஒபிஸில் இருந்த பெண் தலையில் பூனைக்காது வைத்திருந்தாள். போர்மனின் கழுத்துப்பட்டியில் ஒரு சின்னப் பூசணிக்காய். பிறகு நான்.

பக்கிங் பகுதியில் எங்கட பெடியள் ஏழெட்டுப் பேர். மெஷினை நிற்பாட்டிவிட்டே ஓடிவந்தார்கள்.

"டேய், இஞ்ச ஓடிவாங்கோடா! அண்ணை கையில புட்டுக்குழல் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!"

"அண்ணை, ஆவி வருதோ? தேங்காய்ப்பூ போட்டாச்சோ?"

பத்து மணிபோலத் தோள் வாளி கழன்று ஓடுகிற பட்டியில் விழுந்து, அட்டைகளோடு சேர்ந்து பெட்டியாகப் போகப் பார்த்தது. போர்மன் வந்து, இறுக்கிக் கட்டு, அல்லது கழற்று என்றார். கழற்றலாம்தான். ஆனால் உள்ளே இருந்த நிலைமை எனக்கல்லவா தெரியும்? மாற்று உடுப்பு வீட்டில். பக்கிங் பெடியள்தான் உதவிக்கு வந்தார்கள். பெட்டி ஒட்டுகிற ரேப்பை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி, மேலே கப்பலில் போகிற சாமானுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் பட்டியால் நாலு கட்டுப்போட்டு, என்னை ஏற்றுமதிக்குத் தயாராக்கினார்கள். "இனி கத்தி இல்லாமல் கழட்டேலாது, அண்ணை," என்று பெருமையாகச் சொன்னான் ஒருவன். நானும் நன்றி சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போர்மனிடம் மெல்லக் கேட்டேன், வேஷம் போடாதவர்களுக்கு வேலை நிற்பாட்டுகிற கடிதம் எப்போது கொடுப்பார்கள் என்று. அவர் கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். பிறகு, வேஷம் விரும்பினவர்களுக்கு மட்டும், பகிடிக்கு, என்றார். மூன்று நாள் நித்திரை என் கண் முன்னாலேயே எழும்பிப் போயிற்று.

இரண்டு மணிக்கு அண்ணை வாசலில் வந்து நின்றார். நைற் ஷிஃப்ட் முடித்து நித்திரை கொண்டவர், போன் மணிக்கு எழும்பி ஓடிவந்திருக்கிறார். "ஐசே, லண்டனிலயிருந்து உம்முடைய மச்சான் எடுத்தவர். அங்க அவையளை முந்தின பிளேனில ஏத்திப்போட்டினமாம். இப்ப இறங்கியிருக்கும். ஏறும் கெதியா!"

போர்மனுக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடினேன். பின் சீற்றில் விழுந்த பிறகுதான் பார்த்தேன். அண்ணை கோட் போட்டிருந்தார். அந்தச் சாம்பல் நிறக் கோட்.

"அண்ணை, அது நான் போடவேண்டிய கோட்!"

"அவசரத்தில கையில அம்பிட்டதைப் போட்டன். என்ர கோட்தானே ஐசே!"

நெடுஞ்சாலை முழுக்க வாகனம். பட்டியைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், அசையவில்லை. காரில் கத்தியும் இல்லை. மனைவி எழுதிய ஒரு கடிதம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலைக்கவசம் போட்ட ஆமிக்காரரை றோட்டில் கண்டால் பிள்ளை என் சட்டைக்குள் ஒளிக்கிறாள் என்று எழுதியிருந்தாள். நான் தலையிலிருந்த வாளியைக் கழற்றிக் காலுக்குக் கீழே தள்ளினேன். காயாத பெயின்ற் முகமெல்லாம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், என் சொந்த மீசையும் வெள்ளி.

எயார்போட்டில் கோட்டைப் போட்டுப் பார்த்தோம். கை புட்டுக்குழலில் தடக்கி நின்றது. தோளில் போர்த்தால் வழுக்கி விழுந்தது. "சரி, நானே போட்டுக்கொண்டு பக்கத்தில நிக்கிறன். பிள்ளை என்னட்டை வந்தா உம்மைக் காட்டிவிடுறன்," என்றார் அண்ணை. நல்ல யோசனைதான். என் மகள் ஓடிவந்து வேறொருவரை அப்பா என்று கட்டிப்பிடிப்பதை, நான் ஒரு இடியப்பப் பெட்டி மாதிரிப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

"ஒரு கத்தி கேட்டுப் பாப்பமோ?" என்றார்.

முகமெல்லாம் வெள்ளி பூசின ஒருவன் எயார்போட் பொலிஸிடம் போய்க் கத்தி கேட்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

எந்த நிமிஷமும் வருவார்கள் என்று தடுப்புக் கம்பியை விட்டு அசையவில்லை. குடியேற வருகிறவர்களின் பத்திரம் பார்த்து முடிக்க இரண்டரை மணித்தியாலம் எடுத்தது, அவ்வளவும் நின்றேன். இருக்க ஏலாது, சாய ஏலாது. பத்து மணிக்குக் கட்டிய கட்டு. அதற்குப் பிறகு ஒண்டுக்கும் போகவில்லை. அதைப்பற்றி நினைக்காமல் இருக்க முயன்றால் அதைப்பற்றி மட்டும்தான் நினைவு வந்தது. பக்கத்தில் மகனுக்காகக் காத்துநின்ற ஒரு அன்ரி, நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டுக் கிட்ட வந்தார். "தம்பி, நீங்கள் பிளேன் கொம்பனி ஆளோ? லண்டன் பிளைற் சாமான் எல்லாம் வந்திட்டுதோ?" வருகிறது, அன்ரி, என்றேன். வேறு என்ன சொல்ல?

கதவு திறந்தது. ஒரு கையால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு, மற்றத் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, என் மனைவி வந்தாள். வண்டில் ஒரு பக்கமாய் இழுத்தது. இரண்டு நாள் பயணம் அவள் முகத்தில் இருந்தது. அவளுடைய கண் முதலில் கோட்டில் விழுந்தது, மேலே ஏறி அண்ணையின் முகத்தைப் பார்த்தது, அங்கிருந்து விலகி என்னில் வந்து நின்றது. அதன்பிறகு அசையவில்லை. நேரே வந்தாள்.

"இதென்னப்பா கோலம்?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "பிறகு சொல்லுங்கோ. முதல்ல இவளைப் பிடியுங்கோ. என்ர கை செத்துப்போச்சு."

மகள் நல்ல நித்திரை. வாய் திறந்திருந்தது. நான் வாங்கியதும் தலை என் நெஞ்சில் சரிந்தது. கவசமும் தெரியாது, கோட்டும் தெரியாது, என் பதற்றமும் தெரியாது. கார் ஓடத் தொடங்க மனைவியும் வாளித்தோளில் சாய்ந்தாள். இந்த முகத்தோடு என்னை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னாள்: "வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்கிற நிலையிலை. கோயில் அன்னதான வரிசையிலை நிக்கிறமாதிரி." அடுத்த நிமிஷம் அவளும் நித்திரை. அண்ணை மட்டும் கண்ணாடியில் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஐசே, இரவைக்கு இடியப்பத்துக்கு என்ன வழி?"

அபார்ட்மென்ர் லிஃப்டில் மந்திரவாதி ஒன்றும் முயல் இரண்டும் மிட்டாய்ப் பையோடு நின்றன. மனைவி அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இஞ்ச எல்லாரும் இப்பிடித்தானோ?" இல்லை, இண்டைக்கு மட்டும், என்றேன். கனடா வந்து அவள் செய்த முதல் வேலை, மீன் வெட்டுகிற கத்தியால் புருஷனை வெட்டி எடுத்தது. நான் செய்த முதல் வேலை, கழிப்பறைக்கு ஓடியது. அன்றிரவு எல்லாரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மகள் அதற்கும் எழும்பவில்லை. மீசையில் பிடித்த பெயின்ற் சவர்க்காரத்துக்கும் போகவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை. மீசையை வழித்தேன். கோட் அண்ணையோடு வேலைக்குப் போய்விட்டது. படத்தில் இருந்த அப்பாவில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

இப்போதும் ஏதாவது ஒன்றுக்கு நெஞ்சு படபடத்தால், எனக்குள் நானே இடியப்பத்தட்டு என்று சொல்லிக்கொள்வேன். பாதிப் பதற்றம் அதோடு இறங்கிவிடும். மகள் என்னை எப்படி அறிந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். மறுநாள் விடிய ஆறு மணிக்கு, பெனியனும் சாரமுமாய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த என் தோளில் ஒரு சின்ன விரல் தட்டியது. அவளுடைய இடது கன்னத்தில் இடியப்பத்தட்டின் துவாரங்கள் வட்டமாக, கொஞ்சம் வெள்ளிப் பெயின்ற்றோடு, அப்படியே பதிந்திருந்தன.

"அப்பா, ஒண்டுக்கு வருது," என்றாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன்.