கரியைக் கழுவிய தலைவர்

வீரமுத்துவைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால், சொன்னவர் அவனோடு இன்னும் பழகவில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன். என் தங்கை ஷாமளாவின் புருஷன் அவன். எங்கள் ஊர் பாலோவில் கோயில் கமிட்டித் தலைவர், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் துணைத் தலைவர், எந்த வீட்டுச் சாவிலும் முதல் நாற்காலி. இத்தனை பதவியில் ஒன்றுக்காவது சம்பளம் உண்டா? கிடையாது. செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மரியாதையில்லாமல் பேசினார் என்று திரும்பி வந்தான். குளுவாங்கில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். நின்று நின்று கால் வலிக்கிறது என்று வந்தான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றும்போது மட்டும் அந்தக் கால் வலிக்காது.

சம்பாதித்ததெல்லாம் என் தங்கைதான். தெப்ராவில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் படுக்கை. ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறினால் அடுத்த சனிக்கிழமைதான் வீட்டைப் பார்ப்பாள். அவர்களுடைய ஒரே மகள் லோஷினி வாரம் முழுக்க எங்கள் வீட்டில் என் மனைவியிடம் வளர்ந்தாள். அப்பன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். ஆனால் தலைவருக்குப் பிள்ளைக்குத் தலைவாரிவிட நேரம் ஏது? ஒரு சனிக்கிழமை ஷாமளா வந்து கையை நீட்டியபோது லோஷினி என் மனைவிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அன்று ஷாமளா சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ரப்பர் ஆலையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மூடிக் கிடந்த ஆலையை இடித்துத் தள்ளிவிட அதன் சொந்தக்காரக் கம்பெனி காத்திருந்தது. அதற்குள் ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அறக்கட்டளை பார்க்க வந்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றி மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. வந்தவர் தஸ்லிமா, கட்டடக் கலைஞர், நம் தமிழ் முஸ்லிம் பெண்தான். ஆலையின் புகைவீட்டுக்குள் நுழைந்தவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைத்த இடம் அது. சுவர், கூரை, மரச்சட்டம் எல்லாம் கரி ஏறி மினுமினுவென்று கறுத்திருக்கும்.

"இதை இப்படியே வச்சிக்கிட்டு, பக்கத்துக் கொட்டகையைத் தொழில் பயிற்சிக்கூடமா மாத்திரலாம்," என்றார் தஸ்லிமா. "பிள்ளைங்க படிக்க வருவாங்க, சுத்திப் பாக்கவும் ஆளுங்க வருவாங்க. கேன்டீனை இந்த ஊர்க்காரங்களே நடத்தட்டும்."

அன்று சனிக்கிழமை. ஷாமளாதான் அவருக்குச் சமைத்துப் போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவிய தஸ்லிமா, "கேன்டீனை நீங்களே எடுத்துக்குங்கக்கா," என்றார். என் தங்கை அடுப்படியில் நின்ற என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் வீட்டுக்கே வந்துருவேண்ணே," என்று அழுதாள்.

கிளம்பும்போது தஸ்லிமா வீரமுத்துவிடம் படித்துப் படித்துச் சொன்னார். "சார், அடுத்த மாசம் எங்க அறக்கட்டளைப் பெரியவரு, டத்தோ, வந்து பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. கூட்டக்கூட வேணாம். அப்படியே இருக்கட்டும்."

தலைவர் கையைக் கட்டிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளி, 'ஒன்னும் வேணாம், சிரமப்படாதீங்க' என்றால், கோழியை அடி என்று அர்த்தம். வேண்டாம் என்றவரை வெறும் தண்ணீரோடு அனுப்பினால் காலத்துக்கும் அந்தப் பேச்சு ஓயாது. மனுஷனாகப் பிறந்தவன் இதைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வான். என் தங்கை புருஷனுக்கு அந்த அளவுக்கு எங்கே மூளை?

டத்தோ வருவதற்கு முந்தைய சனிக்கிழமை ஷாமளாவுக்கு ஓவர்டைம், வீட்டுக்கு வரவில்லை. நான் பொந்தியானில் லோரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். வீரமுத்துவிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், எங்க இருக்க? கோத்தோங் ரோயோங் நடக்குது, பாதி ஊரு சம்பளமில்லாம வேலை செய்ய வந்துருக்கு. புகைவீட்டைக் கழுவிப் பெயிண்ட் அடிக்கிறோம்."

"மாப்ளை, அந்தம்மா தொடாதீங்கன்னு அத்தனை தடவை சொன்னாங்களே!"

"அலமாக்! அது ஒரு மரியாதைக்குச் சொல்றதுலா. கரியும் புகையுமா டத்தோவுக்குக் காட்டுனா நம்ம மானம் என்னாவுறது?"

"ஷாமளாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவளுக்கு என்னா தெரியும்?" என்று போனை வைத்துவிட்டான். பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

நான் லோரியை விரட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீரைப் பீய்ச்சியடித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கரியை ஒரு பொட்டு விடாமல் எடுத்திருந்தார்கள். பெயிண்டுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கோயில் கும்பாபிஷேகத்தில் மிஞ்சியது இருந்ததே. சுவருக்கு ரோஸ், கூரைக்கு வானநீலம், மரச்சட்டங்களுக்கு மஞ்சள். உள்ளே ஒரு சாமியைத் தூக்கி வைத்திருந்தால் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கலாம். வாசலில் நின்றிருந்த தலைவர், "எப்படி?" என்று என்னைக் கேட்டார். த்தூ என்று துப்பிவிட்டு வந்தேன். வெற்றிலை போட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

டத்தோ வரும் நாளன்று ஷாமளா லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். வந்திருப்பவர்களுக்குக் கொடுக்கக் கறிபாப் சுட்டு எடுத்துக்கொண்டு நேராக ஆலைக்கு வந்தவள், புகைவீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே தஸ்லிமா வந்தார். உள்ளே போய் ரோஸ் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு சார் இதைச் செய்யச் சொன்னது?"

"நம்மதான் மேடம்! ஒங்களுக்காகத்தானே. ஒரு சிரமமும் இல்ல," என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான் வீரமுத்து.

"நாங்க வந்ததே அந்தக் கரிக்குத்தான் சார்," என்றார் தஸ்லிமா.

டத்தோ பெரிய மனிதர், முகம் சுளிக்கவில்லை. ஒரு கறிபாப் சாப்பிட்டார், மாலையை வாங்கிக்கொண்டார், தலைவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார். சில வாரங்களில் அறக்கட்டளை வேறோர் ஊர்க் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் புகைவீட்டை இடிக்கத் தகர வேலி போட்டார்கள்.

வீரமுத்துவுக்கு வெட்கமென்று ஒன்று இருந்தால்தானே? "அவங்களுக்குக் குடுத்து வைக்கல," என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். டத்தோவோடு எடுத்த படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டினான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷாமளாவை பஸ்ஸுக்கு அழைத்துப்போக நான் வந்திருந்தேன். லோஷினியும் என் மனைவியும் வெளியே காரில் இருந்தார்கள்.

"பாத்தியா, டத்தோ என் தோள்மேல கை போட்டுருக்காரு," என்றான்.

ஷாமளா படத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து துணிமணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டினாள். அலமாரியிலிருந்து அவனுடைய வெள்ளைச் சட்டைகளை எடுத்து அதே பையில் அடுக்கினாள்.

"நான் வேலையை விட்டுட்டேன். ஒங்களுக்கு சூப்பர்வைசர்கிட்ட பேசிருக்கேன், ஆம்பளைங்க ஹாஸ்டல்ல எடம் இருக்கு. நாளைக்குக் காலையில நீங்க போயி நிக்கணும்."

"வெளையாடாத ஷாமளா. கோயில் இருக்கு, சங்கம் இருக்கு…"

"எல்லாத்துக்கும் வேற தலைவரு கெடைப்பாங்க. எனக்கு எம்பிள்ளை வேணும்."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். "மச்சான், நீயாச்சும் சொல்லேன்," என்று என்னைப் பார்த்தான்.

"பஸ் வந்துரும் மாப்ளை," என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீரமுத்துவை ஏற்றிக்கொண்டு பஸ் போனபிறகு எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். என் மனைவியின் கையைப் பிடித்தபடி இறங்கிய லோஷினி, தன் அம்மா இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"நீங்க போகலியாம்மா?"

"போகல."

"அடுத்த ஞாயித்துக்கெழம?"

"அதுக்கும் போகல."

லோஷினி என் மனைவியின் கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். காருக்குத் திரும்பி வரும்போது அவள் கையில் அவளுடைய தலையணை இருந்தது.